வீடு வாங்குவோரும் தரகர் கூலியும்



வீடு வாங்குதல் ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ நிகழும் கருமம். தரகருக்கோ அஃது அன்றாடத் தொழில். பழக்கமில்லாதவர் பழகியவரை நம்பியே நடக்கவேண்டியிருக்கும் இவ்விடத்தில், சட்டம் அவருக்கு எவ்வாறு துணை நிற்கலாம்? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கா அண்மையிற் கண்ட விடையை இன்று எடுத்துக் கூற எண்ணுகின்றேன். நம் உறவினர் பலர் அந்நாட்டிற் குடியேறி வீடு வாங்கி வருதலால், இது நமக்கு முற்றும் புறம்பான செய்தியன்று.

அங்கு வீடு, காணித் தரகு செய்ய விரும்புபவர் தத்தம் மாநில அரசின் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். கலிபோர்ணியா மாநிலம் 1917இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அது செல்லாதெனத் தீர்க்கப்படவே, 1919இல் மீண்டும் இயற்றியது. ஏனைய மாநிலங்களும் காலப்போக்கில் அவ்வழிச் சென்றன. இன்று பரீட்சையிற் சித்தியெய்தியவருக்கே அனுமதி கிடைக்கின்றது. ஆயின், பரீட்சை ஒருவரின் அறிவை அளக்கும். அவர் யாருடைய நன்மைக்காக உழைக்கின்றார் என்பதை அளக்கமாட்டாது.

நெடுங்காலமாக அங்கு நிலவிய வழக்கத்தைப் பாருங்கள். விற்பவருக்கு ஒரு தரகர், வாங்குபவருக்கு ஒரு தரகர். இருவர் கூலியையும் விற்பவரே விலைப்பணத்திலிருந்து கொடுப்பார். அது பெரும்பாலும் நூற்றுக்கு 5 அல்லது 6 வீதமாக இருந்தது. 4 இலட்சம் டொலர் விலைபோகும் வீட்டுக்கு 6 வீதமெனின், கூலி 24 ஆயிரம் டொலர். சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 12 ஆயிரம். தரகர்கள் தமக்குள் வைத்திருந்த விற்பனைப் பட்டியலில், வாங்குபவரின் தரகருக்குக் கிடைக்கும் பங்கு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். வாங்குபவரோ தமக்குக் கிடைத்த சேவை இனாம் என்றே எண்ணியிருப்பார். தாம் கொடுத்த விலைக்குள் அக்கூலியும் அடங்கியிருந்ததை அவர் உணர்வதில்லை. பங்கு குறைந்த வீட்டைத் தரகர் காட்டாது விடுதற்கும் இம்முறை இடங்கொடுத்தது.

இதனை எதிர்த்து வழக்காடியவர்கள் மிசூரி மாநிலத்தில் வீடு விற்றவர்கள். எதிர்த்தரப்புத் தரகரின் கூலியையும் தாமே சுமப்பதா என்பது அவர்களது முறைப்பாடு. 2023 ஒக்டோபர் 31ஆம் திகதி, அம்மாநிலத்துக் கன்சாஸ் நகரில் யூரிமார் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்து, ஏறத்தாழ 178 கோடி டொலர் நட்டஈடு விதித்தனர். பின்னர், 2024 மார்ச் மாதத்தில், அந்நாட்டுத் தேசியத் தரகர் சங்கம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 41 கோடி 80 இலட்சம் டொலர் கொடுக்கவும் தன் விதிகளை மாற்றவும் இணங்கியது.

புதிய விதிகள் 2024 ஓகஸ்ட் 17 முதல் நடைமுறைக்கு வந்தன. பட்டியலிற் கூலியைக் குறித்தல் ஒழிந்தது. வாங்குபவரை ஒரு வீடு பார்க்க அழைத்துச் செல்லுமுன், தரகர் அவருடன் எழுத்தில் ஒப்பந்தஞ் செய்தல் வேண்டும். கூலி இவ்வளவு என்று அதில் திட்டமாகக் கூறப்படல் வேண்டும். அதற்கு மேல் எவரிடமிருந்தும் தரகர் பெறலாகாது. கூலி சட்டத்தால் விதிக்கப்பட்டதன்று, பேசித் தீர்க்கக்கூடியது என்பதும் தெளிவாக எழுதப்படல் வேண்டும். கலிபோர்ணியாவில் 2025 சனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், தனிமனிதர் செய்யும் இத்தகைய ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேற்படலாகாது எனவும் வரையறுக்கின்றது.

இதிற் சங்கடம் இல்லாமலில்லை. விற்பவர் இன்றும் விரும்பினால் வாங்குபவரின் தரகருக்குக் கூலி கொடுக்கலாம். அவர் மறுத்தால் அச்சுமை வாங்குபவர் தலையில் விழும். முற்பணத்துக்கே சிறுகச் சிறுகச் சேர்த்த இளங்குடும்பம், இன்னுமொரு 12 ஆயிரத்துக்கு எங்கே போகும்? ஆகவே, கைச்சாத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டல் நன்று. கூலி எவ்வளவு? ஒப்பந்தம் எத்தனை நாளைக்கு? விற்பவர் கொடாவிடின் யார் கொடுப்பது? ஒரு வீட்டைப் பார்ப்பதற்கு மட்டும், ஒரு நாளுக்கு மட்டும் ஒப்பந்தஞ் செய்யவும் கேட்கலாம் என்பதை அங்குள்ள நம்மவர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

எழுத்தின் அருமை நம் நாட்டுக்குப் புதிதன்று. காணி விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் கைச்சாத்திடப்பட்டாலன்றிச் செல்லாது என 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நமக்கு விதித்திருக்கின்றது. உறுதியை இத்துணைக் கவனமாக எழுதுவிக்கும் நாம், தரகர் கூலியைப் பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே விட்டுவிடுகின்றோம். பின்னர் உறுதி முடிக்கும் நாளிற் பிணக்கு எழுகின்றது. நல்ல தரகருக்கும் அது நல்லதன்று. உழைத்த கூலியைக் கேட்கவும் அவர் கையில் ஆதாரம் இல்லை. தரகரிடம் முதல்நாளிலேயே, “நீர் யாருக்காகப் பேசுகின்றீர், உமக்கு யார் எவ்வளவு கொடுப்பார்?” என்று கேட்டு, விடையை ஒரு தாளில் எழுதி இருவரும் கைச்சாத்திட்டுக் கொள்வதற்குப் புதிய சட்டம் எதுவும் நமக்கு வேண்டியதில்லை.