மூன்று கை மாறிய தெர்மாமீட்டர்



நாம் கூடியிருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கு ஜின காஞ்சி என்றொரு பெயர் உண்டு. சமணம் போற்றும் நான்கு தானங்களில் ஔடத தானமும் ஒன்று. சோறு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றுக்கு இணையாக மருந்தையும் வைத்த மரபு வாழ்ந்த ஊரில் நின்று ஒரு கேள்வி கேட்கிறோம்: மருந்து கொடுக்கும் கை நம் உடம்பைத் தொடுகிறதா?

1929 டிசம்பர் 12 'யங் இந்தியா' இதழில் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் ஆசிரியரின் கடிதம் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் அதைத் தம் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் எடுத்து வைத்திருக்கிறார். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் ஆசிரியரின் மனைவிக்கு உடல்நலம் கெட்டது. சேரிக்கு வரமாட்டேன் என்றார் மருத்துவர். ஊர்ப் பெரியவர் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாகச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அதே வழியில் திரும்பி வந்ததை விளக்கொளியில் பார்த்து, நிமோனியா என்றார். மறுபடி வந்து பார்க்க மறுத்துவிட்டார். அந்தத் தாய் இறந்துபோனார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அந்த மருத்துவர் படித்தவர்தான். படிப்பு சாதியைப் போக்கிவிடவில்லை. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதை 2007இல் பேராசிரியர் தோரட் குழு பதிவு செய்தது. கூடப் படிப்பவரையே ஒதுக்கும் கை, நோயாளியை எப்படித் தொடும்?

ஆகவேதான் மருத்துவப் பணியாளர்களுக்குச் சமத்துவப் பயிற்சி கேட்கிறோம். நமக்கு முன்மாதிரி இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பால்புதுமையினர் குறித்துக் காவல், நீதி, மருத்துவத் துறையினருக்கு விழிப்புணர்வுப் பயிற்சி தேவை என உத்தரவிட்டார். அதற்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றார். தம் அறியாமையை உத்தரவிலேயே ஒப்புக்கொண்டார். பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சாதிக்கும் அதுவே பொருந்தும்.

ஒரு மணி நேரம் படம் காட்டிச் சான்றிதழ் கொடுத்தால் அது பயிற்சி ஆகாது. தூய்மைப் பணியாளர்களும் சேரிப் பெண்களும் திருநங்கையரும் அங்கே ஆசிரியர்களாக நிற்க வேண்டும். தலைமை மருத்துவரும் வார்டு உதவியாளரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். "எந்தத் தெரு?" என்ற விசாரிப்பு, வயதில் மூத்தவரை "வா, போ" என்பது, தொடாமலே சீட்டு எழுதுவது எல்லாம் பாடமாக வேண்டும். அதன் பிறகும் நடந்தால் விசாரிக்கும் குழுவில் நம்மவர் இருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், நம்மை மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. வாசலைச் சட்டம் திறக்கும். உள்ளே போனபின் தயங்கும் கையை என்ன செய்வது என்பதே நம் முன் உள்ள வேலை.

செவிலியர் படிப்பு, மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளே, வார்டில் உங்கள் கையும் எங்கே தயங்குகிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்குவோம்.