கோழியின் உடலில் ஒரு செவிலி

வெயில் கொளுத்தும் நண்பகலில் முற்றத்துக் கோழியைச் சற்று உற்று நோக்குங்கள். சிறகுகளை உடலினின்றும் அகற்றி, அலகைத் திறந்து, மூச்சு வாங்கி நிற்கும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை; மூச்சோடு நீராவியை வெளியேற்றியே அவை உடலைத் தணிக்கின்றன. அதே வேளையில், கண்ணுக்குப் புலப்படாத வேறொரு போராட்டம் அதன் உடற்கலங்களுக்குள்ளே நடைபெறுகின்றது.

கோழியின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 பாகை செல்சியசு. கலங்களிலுள்ள புரதங்கள் நீண்ட சங்கிலிகள்; அவற்றிற் பெரும்பாலானவை முறையாக மடிந்திருந்தால் மாத்திரமே தத்தம் தொழிலைச் செய்யும். வெப்பம் மிகுந்தால் மடிப்புக் குலையும்; குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். முட்டையை அவிக்கும்போது தெளிந்த வெண்கரு இறுகி வெளுப்பது இதனாலேயே. அவித்த முட்டை மீண்டும் பச்சை முட்டையாவதில்லை.

உயிருள்ள கலத்தில் இக்கேடு நேராது காப்பவற்றுள் ஒன்று 'எச்.எஸ்.பி. 70' என்னும் புரதம். மடிப்புக் குலைந்த புரதத்தை அது பற்றிக்கொள்கின்றது. பிறவற்றோடு ஒட்டாது காத்து, மீண்டும் மடிதற்கு இடமளித்து விடுவிக்கின்றது. தலைவியைத் தீங்கு அணுகாது காக்கும் செவிலித்தாயின் தொழிலை இது ஒத்திருத்தலின், இதனைச் செவிலிப் புரதம் எனலாம்.

இத்துறைக்கு வழி திறந்தது ஒரு சிறு பழ ஈ. 1962ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் ரித்தோசா, சூடேறிய பழ ஈக் கலங்களின் நிறமூர்த்தங்கள் சில இடங்களிற் புதிதாகப் புடைத்திருந்தமையை வெளியிட்டார். உறங்கிய பரம்பரையலகுகள் வெப்பத்தால் விழித்தெழுந்தமைக்கு அது அடையாளம். கோழியின் எச்.எஸ்.பி. 70 பரம்பரையலகின் அமைப்பு 1986இல் வெளியாயிற்று. விலங்குகளின் பரம்பரையலகுகள் பெரும்பாலானவற்றில், வெட்டி நீக்கவேண்டிய இடைத்துண்டுகள் உண்டு. இதிலோ அவை இல்லை. கடுஞ்சூட்டில் அவ்வெட்டும் வேலை தடைப்படும். ஆயினும் இதன் செய்தி தடையின்றிப் புரதமாகிவிடும். ஆபத்து வேளையில் உதவுவதற்கு இதனினும் ஏற்ற அமைப்பு வேறு யாது?

எனினும் செவிலிக்கும் ஓர் எல்லை உண்டு. உடல் வெப்பநிலை 47 பாகையை அணுகுமாயின் கோழி உயிர் தரிப்பது அரிது. குலையும் புரதங்கள் பெருகப் பெருக, காப்பவற்றின் தொகை போதாதாகின்றது. ஆதலின், கோழி வளர்ப்போர் கூட்டுக்கு நிழலும், காற்றோட்டமும், குளிர்ந்த நீரும் அளித்தல் வேண்டும். அவ்வாறு செய்வோர், கோழியின் உள்ளே ஓயாது உழைக்கும் அச்செவிலியின் சுமையைக் குறைத்தவராவர்.