ஒரே பெயரில் மூன்று பேர்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளைக் கேட்டதும் என் தோழர்கள் சிலர் நெளிவது தெரிகிறது. பத்தே நிமிஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் கட்டளைகளை ஓட்ட இன்று வழிகள் பல. 1995-ல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கிய சிக்வின், அதிலிருந்து கிளைத்த எம்சிஸ்2, அதன் ஒரு பகுதியைக் கூடவே கொண்டுவரும் 'கிட் ஃபார் விண்டோஸ்', 2016-ல் மைக்ரோசாஃப்ட் தந்த டபிள்யூஎஸ்எல். செமஸ்டருக்கு ஒன்றாக நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறார்கள். தனித்தனியே எல்லாம் சமர்த்துதான். ஒரே வீட்டில் வைத்தால்தான் சண்டை.

நேற்று லேபில் ஒரு தங்கை கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும். ஒரு ஜன்னலில் கிட் சர்வரை ஏற்கிறது, இன்னொன்றில் 'அனுமதி இல்லை' என்கிறது. "ஃபார்மேட் பண்ணிடு" என்று சீனியர் ஒருவர் யோசனை சொல்லிவிட்டார். எட்டு மாத உழைப்பு அந்த டிஸ்க்கில்!

விஷயம் இதுதான். அந்த மெஷினில் எஸ்எஸ்எச் என்ற பெயரில் மூன்று புரோகிராம்கள்: விண்டோஸுடையது, கிட்டுடையது, சிக்வினுடையது. சாவியை அவர் உருவாக்கியது சிக்வினில். அது சிக்வினின் சொந்த 'ஹோம்' ஃபோல்டரில் இருந்தது. மற்ற இரண்டும் தேடுவது விண்டோஸ் யூசர் ஃபோல்டரில். சாவியை அங்கேயும் ஒரு பிரதி வைத்தோம், வேலை முடிந்தது.

வகுப்பில் மூன்று செந்தில் இருந்தால், பெயரைக் கூப்பிட்டதும் முதலில் எழுந்திருப்பவன்தானே பதில் சொல்வான்? இங்கே வரிசையைத் தீர்மானிப்பது 'பாத்' பட்டியல். அதில் சிஸ்டம் பாத் முன்னால், யூசர் பாத் பின்னால். அதனால்தான் டபிள்யூஎஸ்எல் உள்ள மெஷினில், யூசர் பாத்தில் கிட்டைச் சேர்த்தாலும், 'பாஷ்' என்று அடித்தால் சிஸ்டம்32-ல் இருப்பதே எழுந்து லினக்ஸைத் திறக்கிறது. 'ஃபைண்ட்', 'சார்ட்' கதையும் இதேதான்.

ஆகவே முதலில் கேளுங்கள்: கமாண்ட் ஜன்னலில் 'வேர்' கட்டளை, பாஷுக்குள் 'டைப் மைனஸ் ஏ'. எத்தனை பேர், யார் முன்னால் என்று பட்டியலே வந்துவிடும். பிறகு விண்டோஸ் பாத்தில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். சிக்வினையும் எம்சிஸையும் அவற்றின் சொந்த ஐகானில் திறந்தால், தங்களுக்கு வேண்டிய பாத்தை அவையே முன்னால் போட்டுக்கொள்ளும். பழைய கருவி ஏதாவது சிக்வின்1 டிஎல்எல்லைத் தன்னோடு கொண்டுவந்திருந்தால் அதையும் தேடிப் பாருங்கள். பாத்தில் ஒரு பிரதிக்கு மேல் ஆகாது.

வரி முடிவுத் தகராறைப் பற்றியும் சொல்லலாம், மணி அடித்துவிட்டார் தலைவர். நாளை மதியம் வரை லேபில் இருப்பேன். தொல்லை தரும் மெஷின்களைக் கொண்டு வாருங்கள், தயவுசெய்து ஃபார்மேட் செய்யாமல்!