சனியை நாம் பார்ப்போம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சனி நம்மைப் பார்க்கிறான் என்று அஞ்சாதவர் நம்மிடையே மிகச் சிலரே. ஏழரை ஆண்டுக் கணக்கை விரல்விட்டு எண்ணுகிறோம். சனிக்கிழமைதோறும் எள் விளக்கு ஏற்றுகிறோம். ஆனால், சனியை நாம் பார்த்ததுண்டா? அக் கேள்வியை எழுப்பவே இன்று உங்கள்முன் நிற்கின்றோம். எவருடைய நம்பிக்கையையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. பெயர் சொல்லி வணங்கும் கோள்களை ஒருமுறையேனும் கண்ணாரக் காண வேண்டாமா என்பதே நம் வேண்டுகோள்.

அதற்குப் பெரிய வானாராய்ச்சி நிலையம் வேண்டுவதில்லை. ஆறு அங்குல அகலமுள்ள குழியாடி பொருந்திய தொலைநோக்கி ஒன்றும், அதில் பொருத்தத்தக்க சிறு காமிரா ஒன்றும், நம் குடியிருப்பின் மொட்டை மாடியும் போதும். வியாழனின் குறுக்கே ஓடும் பட்டைகளையும், கலீலியோ 1610-இல் கண்ட அதன் நான்கு நிலவுகளையும், சனியின் வளையத்தையும் இவற்றைக் கொண்டே படம் பிடித்துவிடலாம். சனியின் வளையம் 2025 மார்ச்சில் தன் விளிம்பை மட்டும் நமக்குக் காட்டிற்று. அதன்பின் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விரிகிறது. ஆண்டுக்கு ஒரு படம் எடுத்து வைத்தாலே அம் மாற்றம் குழந்தைகளுக்கும் விளங்கும்.

ஆயினும், காமிராவில் விழும் கோளின் உரு மிகச் சிறியது. குவியத் தொலைவு 1,000 மில்லிமீட்டர் உள்ள தொலைநோக்கியில் சூரியன் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமாக விழும்; வியாழனோ கால் மில்லிமீட்டர்கூட இராது. எனவே பார்லோ வில்லையை இடையே செருகி, உருவை இரண்டு மூன்று மடங்கு பெருக்கிக்கொள்வர். பெருக்கியதனாலேயே தெளிவு வந்துவிடாது. நம் தலைக்கு மேலுள்ள காற்று ஓயாது நடுங்குகிறது. கோடையில் தார்ச் சாலையின்மேல் கானல் அலைவதுபோலக் கோளின் உருவும் அலைகிறது.

இதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி மிக எளியது. ஒரே ஒரு படம் எடுப்பதில்லை. இரண்டு நிமிடம் ஓடும் சலனப் படமாக எடுக்கின்றனர். அதில் பல்லாயிரம் தனிப் படங்கள் அமைகின்றன. காற்று கணநேரம் அமைதியுற்றபோது பதிந்தவற்றைக் கணிப்பொறி பொறுக்கியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறது. நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசி புடைத்துக் கல்லும் உமியும் நீக்கியதை நினைத்துக்கொள்ளுங்கள்; இதுவும் அதுவே. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. நெடுநேரம் எடுத்தால் அதன் மேற்குறிகள் நகர்ந்து படம் மழுங்கும் என்பதாலேயே இரண்டு நிமிட வரம்பு வைத்துக்கொள்கின்றனர்.

பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டுத் தளம் இரவில் வெப்பத்தை உமிழும் என்பதையும் மறத்தலாகாது. தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்துக் குளிரவிட வேண்டும். தளம் ஆறிய பின்னிரவே கோள்களுக்கு உகந்தது. சூரியனுக்கோ, நிலம் சூடேறாத காலை வேளை நன்று.

சூரியன் என்றதும், பெற்றோர்களே, சற்று உற்றுக் கேளுங்கள். 2020 ஜூன் 21-இல் நிலவு சூரியனை மறைத்தது. குருட்சேத்திரத்தில் அது வளையமாகவே தோன்றிற்று. கிரகண நாட்களில் குழந்தைகளை அறைக்குள் பூட்டி வைக்கும் வீடுகளும் உண்டு. பழைய எக்ஸ்ரே தாளைக் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பும் வீடுகளும் உண்டு. முன்னது அறிவை மறைக்கிறது. பின்னது கண்ணையே பறிக்கக்கூடும். விழித்திரைக்கு நோவு தெரியாது. அது வெந்த பின்னரே பார்வை மங்கியது புலப்படும்.

தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூடும் சூரிய வடிகட்டி வேண்டும். ஒளியில் ஓரிலட்சத்தில் ஒரு பங்கையே உள்ளே விடும் தாள் அது. கண்வில்லையில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி வெப்பத்தால் வெடித்துவிடும். அதைத் தொடவே வேண்டா. பக்கத்திலுள்ள குறிநோக்கியையும் மூடிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் அருகை விட்டு அகலலாகாது. இவ்வளவும் செய்தால், சூரியனின் கரும்புள்ளிகளைக் குழந்தைகள் அச்சமின்றிக் காணலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் படம் எடுத்து வரிசையாக ஒட்டினால், புள்ளிகள் நகர்வதிலிருந்து சூரியன் சுழல்வதை அவர்களே கண்டுகொள்வர். நமக்குத் தோன்றும் அளவில் அச் சுழற்சிக்கு ஏறத்தாழ 27 நாட்கள். புள்ளிகளின் தொகை ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதும் பின்னர் விளங்கும்.

இது நமக்குப் புதிய கலையன்று. 1876-78 பஞ்சத்துக்குப் பின் மழைக்கும் சூரியனுக்கும் உள்ள உறவை அறிய வேண்டுமென்ற எண்ணம் வலுத்தது. 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்துவைத்திருக்கும் இடம் அது. கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் அங்கேதான் கண்டறிந்தார். அதற்கு முன்பே சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்கள் அறிந்துகொள்ளவென்று அவர் சிறு நூலும் எழுதினார். அறிந்ததை அண்டை வீட்டாருக்கும் சொல்ல வேண்டுமென்ற அந்த உள்ளமே நாம் போற்றத் தக்கது.

அன்பர்களே! நம்மில் பலர் மாற்றல் உத்தரவுக்கு ஆட்பட்டவர்கள். வீடும் பள்ளியும் மாறும்; குழந்தைகளின் தோழமையும் மாறும். தமிழகத்தில் உயர்ந்து நிற்கும் அகத்திய விண்மீன்கூட இவ் வடபுலத்தில் தென் அடிவானத்தை ஒட்டியே தோன்றுகிறது. சூரியனும் கோள்களும் மட்டும் எங்குச் சென்றாலும் நம்முடன் வருகின்றன. ஆகவே நம் சங்கம் பொதுவில் ஒரு தொலைநோக்கி வாங்க வேண்டும். திங்களுக்கு ஒரு சனிக்கிழமை இரவு குடியிருப்பின் மாடி விளக்குகளை ஒரு மணி நேரம் அணைக்க வேண்டும். ஞாயிறு காலையில் தமிழ் வகுப்புக்கு வரும் குழந்தைகள் கரும்புள்ளிகளை எண்ணித் தமிழிலேயே குறித்துவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அவர்கள் எடுத்த படங்கள் வெளிவருமானால், இச் சொற்பொழிவுக்கு அதுவே தக்க பரிசாகும்.