தாலியில் மட்டும் ஏன் தீட்டு?

(செந்துறையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

வெள்ளாற்றைத் தாண்டினால் விருத்தாசலம். அதன் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. நம்ம கதையைப் பேச அதற்கு மேல் தூரம் போக வேண்டியதில்லை.

முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். 2003 மே 5இல் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். கண்ணகியை உறவினர் வீட்டில் மறைத்து வைத்திருந்தார் முருகேசன். ஜூலை 8இல் இருவரையும் பிடித்து வந்து, ஊரே பார்த்திருக்க, காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முன்நின்றவன் கண்ணகியின் அண்ணன். போலீஸ் என்ன செய்தது? பிள்ளையைப் பறிகொடுத்த முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளியாக்கியது. 2004இல் சி.பி.ஐ. வந்தது. தீர்ப்புக்கு 2021 ஆனது. 18 வருஷம்! தண்டிக்கப்பட்ட 13 பேரில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். மேல்முறையீட்டில் சிலருக்கு விடுதலை, சிலருக்குத் தண்டனைக் குறைப்பு. மற்றவர்களின் தண்டனையை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஏன் இந்த வெறி? அவன் முந்திரிக் காட்டில் நாம கொட்டை பொறுக்கலாம். கதிர் அறுக்கலாம். அவன் வீட்டுச் சாவுக்குப் பறை அடிக்கலாம். அதிலெல்லாம் இல்லாத தீட்டு தாலியில் மட்டும் எப்படி வருது? கல்யாணம் ஆயிட்டா சேரிக்காரன் மாப்பிள்ளை, ஊர்க்காரன் மச்சான். பிறக்கிற பிள்ளைக்குத் தாய்மாமன் அவன். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறதென்று 1916லேயே அம்பேத்கர் காட்டிவிட்டார். அதனால்தான் முதலில் பெண்ணைப் பூட்டுகிறார்கள். 'நாடகக் காதல்' என்கிறவனும் அந்தப் பெண்ணுக்குச் சொந்த மனசே கிடையாது என்றுதான் சொல்கிறான். 2012 நவம்பரில் தருமபுரியில் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கு வைத்து மூன்று சேரிகளைக் கொளுத்தினார்கள்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். அருந்ததியர் வீட்டில் பெண் எடுக்க, பெண் கொடுக்க நம்மில் எத்தனை பேர் தயார்? மேடையில் சாதி ஒழிப்பு, வீட்டில் 'நம்மாளுங்களா பாரு'. இதைப் பேசாமல் அவனை மட்டும் பேசினால் செல்லாது.

சட்டமும் தெரிந்திருக்கணும். 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி போனால் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். விலாசத்தை எதிரிக்குக் கொடுத்த மாதிரிதான். இருவரும் இந்துச் சட்டத்துக்குள் வருகிறவர்கள் என்றால், 1967இல் தமிழ்நாடு சட்டமாக்கிய சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்த அறிவிப்பு தேவையில்லை. மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். மாவட்டந்தோறும் பாதுகாப்புக்குச் சிறப்புப் பிரிவு வேண்டுமென்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்க நாலு பேர் கூடப் போகணும்.

கடைசியா ஒண்ணு. இன்னைக்கு ராத்திரி ஒரு ஜோடி கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால், கதவைத் திறக்க இங்கே எத்தனை வீடு இருக்கு? கை தூக்குங்க தோழர்களே, எண்ணிப் பார்ப்போம்.