காஞ்சனா கேட்ட ஆஸ்பத்திரி

ஒடாஹுஹுவிலிருந்து பேசுகிறேன். “பேய்ப்படத்தைப் பற்றியா பேசப்போறே?” என்று சபையில் ஒரு அக்கா கேட்டார். ஆமாம், ‘காஞ்சனா’ பற்றித்தான்.

2007இல் ‘முனி’ எடுத்த ராகவா லாரன்ஸ், 2011இல் எடுத்த படம். இன்றைக்கும் டிவியில் ஓடினால் எங்கள் வீட்டில் யாரும் சேனலை மாற்றுவதில்லை. இருட்டினால் அம்மா இடுப்பில் தாவி ஏறும் ஒரு தடிமாடு. சேர்ந்து நடுங்கும் மாமியார், மருமகள். கோவை சரளாவும் தேவதர்ஷினியும் இல்லையென்றால் படமே இல்லை என்பேன்.

பிறகு சரத்குமார் சேலையில் வருகிறார். சிரிக்கத் தயாராக இருந்த கூட்டம் அடங்கிப் போகிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கை அவள். தன்னைப் போன்ற ஒருத்தியை டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள். ஆஸ்பத்திரி கட்ட வைத்திருந்த நிலத்துக்காகக் கொல்லப்படுகிறாள். தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் வந்தது 2008இல். அதற்கு மூன்று வருடம் கழித்து வந்த படம் இது.

முதலில் லாரன்ஸின் பெண் நடையைக் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு, பிற்பாடு அதே நடைக்குக் கைதட்டச் சொல்கிறார்கள். கள்ளத்தனம்தான். ஆனால் அவள் ஆசைப்பட்டது பங்களா இல்லை, ஆஸ்பத்திரி. ஊரில் நான் நர்ஸாக இருந்தபோது, ஒரு திருநங்கை அட்மிட் ஆனால் ஆண் வார்டா பெண் வார்டா என்று முடிவாகும்வரை வராந்தாவில்தான் கிடப்பார்.

“ஏம்மா, இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போகலாமே?” என்று என் மகன் கேட்டான். சொல்லி முடிப்பதற்குள் படம் முடிந்துவிட்டது.