மலை ஏறும் வண்டிக்கு முதல் சாமான்

பாலக்காட்டில் கிளம்பி பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார், மறையூர், மூணாறு, சூரியநெல்லி, போடிமெட்டு என்று குமுளி வரைக்கும் சொந்த வண்டியில் சுற்றிவர இப்போது பலருக்கும் ஆசை. புறப்படுவதற்கு முன் என் பட்டறைக்கு வந்து, "என்னென்ன சாமான் வாங்கணும்ணே?" என்று கேட்பார்கள். கையில் பட்டியல் இருக்கும்: கூரைக் கூடாரம், கூடுதல் விளக்கு, வின்ச். நான் முதலில் நாலு டயரையும் தடவிப் பார்ப்பேன். பிறகு ஸ்டெப்னியை இறக்கச் சொல்வேன்.

அடுப்பும் படுக்கையும் அவரவர் வசதி. டயர் அப்படியில்லை. அதன் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். வெளிப்பக்கம் காணவில்லையா? குனிந்து உட்பக்கம் பாருங்கள். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வெயிலில் வருஷக்கணக்காகத் தொங்கிய ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அழுத்தினால் மயிரிழை போல வெடிப்பு தெரியும். அதை நம்பி மலை ஏறாதீர்கள்.

அடுத்தது காற்று. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு உள்ளூர் ஜீப்பில் போனவர்களுக்கு அந்தக் கல்பாதை தெரியும். அங்குள்ள தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், பாதை ஏறுவது இடுக்கியிலிருந்து; உயரம் சுமார் 7,900 அடி. அங்கே ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணே, காத்து அதிகமா இருந்தா வண்டி கல்லு மேல குதிக்கும். கொஞ்சம் இறக்கினா கல்லைப் பிடிச்சு ஏறும்." காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகத் தரையில் படியும், பிடிப்பு கூடும். ஆனால் அதே காற்றோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். அதனால் காற்றழுத்தம் பார்க்கும் கேஜும், வண்டி பேட்டரியில் ஓடும் பம்பும் கட்டாயம் வேண்டும். அழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகத்தான் காட்டும்.

ஒருமுறை சில இளைஞர்கள் மலைப்பாதையில் பஞ்சராகி நின்றார்கள். கூரை நிறையப் புதுச் சாமான். ஆனால் முன்பு சக்கரத்தை மாற்றியபோதே நட்டும் மாறிவிட்டிருந்தது. பழைய வீல் ஸ்பேனர் அதில் சேரவில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்காரர் ஒருவர்தான் நிறுத்தி உதவினார். அதனால் நேயர்களே, வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஜாக்கி போட்டு, உங்கள் கையாலேயே நட்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஈர மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் வைக்க ஒரு பலகை, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கட்டை, நல்ல இழுவைக் கயிறு. இவ்வளவும் ஒரு சாக்குப்பைக்குள் அடங்கும்.

கனமான சாமானைக் கூரையில் ஏற்றாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும். தண்ணீர் கேனும் கருவிப் பெட்டியும் கீழே, வண்டியின் நடுவில் இருக்கட்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் சிறிய கியரில் இறங்குங்கள். சின்னார் காட்டுச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு. வழியில் இறங்கி வேலை பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியதை உடுமலையிலேயே பார்த்துவிடுங்கள். சிக்னல் கிடைக்காத இடங்களுக்குத் தாளில் அச்சிட்ட வரைபடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

டயர், காற்று, ஜாக்கி, கயிறு: முதலில் இந்த நாலு, மிச்சப் பணத்தில் மற்றது. புது விளக்கு வாங்கக் கடைக்குப் போகும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள். நல்லபடியாகப் போய்த் திரும்புங்கள்.